கயிறு மாறாத கார்

(தலைப்பு: ‘சின்னக் கார் நடுத்தரக் குடும்பத்தைப் பெரிதும் தவிக்க விடுவது வைத்திருக்கும்போதா? விற்கும்போதா?’ — ‘விற்கும்போதே’ என்னும் அணியில் மூன்றாவதாகப் பேசியது)



எதிரணித் தங்கை, பேராசிரியை, ரொம்ப உருக்கமாப் பேசினாங்க. காரை வாங்கி வச்ச நாள்ல இருந்து நிம்மதி போச்சாம். ராத்திரி எலி வந்து ஒயரைக் கடிச்சிருதாம். அதுக்காகப் பானெட்டுக்குள்ள புகையிலையைக் கட்டி வச்சாங்களாம். நடுவர் அவர்களே, எங்க வீட்லயும் கட்டினோம். ஒரு மாசம் எலி வரலை. அடுத்த மாசம் வந்தது. புகையிலை பழகிப் போச்சு! (சிரிப்பு) இப்ப ஒயரையும் கடிக்குது, புகையிலையும் போடுது. (கைதட்டல்)

ஆனா ஒண்ணு. கடிச்சது என் ஒயரு. கட்டினது என் பணம். வண்டி என் வாசல்ல நிக்குது. இதுக்குப் பேரு செலவு. தவிப்புங்கிறது வேற, நடுவர் அவர்களே. அது என்னன்னு இன்னும் பத்து நிமிஷத்துல சொல்றேன்.

இந்த நாட்டிலே கார் என்பது ஒரு காலத்தில் யாருக்கு இருந்தது? டாக்டருக்கு, மில் முதலாளிக்கு, பண்ணையாருக்கு. அம்பாசிடர் ஒண்ணு, பியட் ஒண்ணு. பியட்டுக்கு ஸ்டியரிங் பக்கத்துலயே கியர் இருக்கும், கையாலயே போடணும். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் முதல் மாருதி 800 காரின் சாவியை வாடிக்கையாளர் கையில் கொடுத்தார். 796 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர், விலை ஏறத்தாழ ஐம்பதாயிரம். அன்னைக்குத்தான் பள்ளிக்கூட வாத்தியாரும் வங்கிக் குமாஸ்தாவும் ‘நமக்கும் ஒரு நாள்’னு நினைக்க ஆரம்பிச்சாங்க. 2014 ஜனவரியில் அந்த வண்டியின் உற்பத்தி நின்றது. முப்பது வருஷம்! 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளே ஏறி இறங்கியிருக்கின்றன. இடையில் ஒரு லட்ச ரூபாய்க் கார்னு 2009இல் நானோ வந்தது, 2018லே அதுவும் நின்றது. இதெல்லாம் வரலாறு.

என் வரலாற்றுக்கு வர்றேன். 2002ஆம் வருஷம் பாளையங்கோட்டையில நான் ஒரு சின்னக் கார் வாங்கினேன். 1996 மாடல், இரண்டாம் கை, ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரம். கம்பெனி பேரை மேடையில சொல்ல மாட்டேன். விளம்பர இடைவேளையில வேற கம்பெனிக் கார் ஓடிட்டு இருக்குமாம். (சிரிப்பு)

அந்த வண்டியில நாங்க அஞ்சு பேர். நான், என் வீட்டம்மா, ரெண்டு பிள்ளைங்க, எங்க அப்பா. அப்பா சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்து விவசாயி. முன் சீட்டு அவருக்குத்தான். கொடைக்கானல் மலை ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். உடனே நான் ‘மேடு வருது, ஏ.சி.யை அணை’ன்னு குரல் கொடுப்பேன். பின்னால மூணு பேரும் வியர்த்துக் கொட்டும். அப்பா மட்டும், ‘ஏலே, ஏத்தத்துல மாட்டை அடிக்கக் கூடாது, இறங்கி நடக்கணும்’பாரு. (சிரிப்பு) அவருக்குக் காருங்கிறது கொம்பு இல்லாத மாடு. நடுவர் அவர்கள் இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கணும், பின்னால வரும்.

ரிப்பேர் இல்லையான்னா, இருந்தது. பழைய கார்புரேட்டர் வண்டி. மார்கழி மாசம் காலையில சோக்கை இழுத்து, கும்பிட்டுத்தான் கிளப்பணும். பேட்டரி போயிட்டா தெருவே சேர்ந்து தள்ளும். இரண்டாவது கியர்ல போட்டு, கிளட்சை மிதிச்சிக்கிட்டு, வேகம் வந்ததும் பட்டுனு விடணும். தள்ளின ஆளுகளுக்கு நன்றி சொல்லக் கூட நிக்க முடியாது. நின்னா மறுபடியும் தள்ளணும்! (பலத்த சிரிப்பு) ஒரு நாள் வண்டி குளிர் சுரம் வந்தவன் மாதிரி நடுங்குச்சு. எங்க மெக்கானிக் தம்பி பானெட்டைக் கூடத் திறக்கலை. தள்ளி நின்னு காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, ‘சார், மூணுல ஒரு பிளக்கு அடிக்கலை’ன்னான். கழற்றினான், கரி பிடிச்சிருந்தது, எமரித் தாளால தேய்ச்சான், மாட்டினான், முடிஞ்சது. மூணு பேர்ல ஒருத்தர் வேலை செய்யலைன்னா கார் உடனே காட்டிக் கொடுத்துருது. எங்க கல்லூரியில அப்படி இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)

ஒரே ஒரு பெரிய செலவு. அதுக்கும் காரணம் நான்தான். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போறோம். சூட்டைக் காட்டுற முள்ளு மேல போயிட்டே இருக்கு. நான் பார்க்கலை. பின் சீட்டுப் பிள்ளைகளுக்குக் கோமதி அம்மன் கதை சொல்லிட்டு வர்றேன். ரேடியேட்டர்ல தண்ணி பார்த்து மூணு மாசம் ஆச்சு. புகை வந்ததும் ஓரமா நிறுத்தி, அவசர அவசரமா மூடியைத் திறந்தேன். கொதிநீர் பீச்சி அடிச்சது, கை வெந்து போச்சு. போதாததுக்குப் பக்கத்து வீட்ல ஒரு குடம் பச்சைத் தண்ணியை வாங்கி அந்தக் கொதிக்கிற எஞ்சின் மேலயே ஊத்தினேன். மெக்கானிக் தம்பி வந்து பார்த்துட்டு, ‘சார், காய்ச்சின கண்ணாடித் தம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்துவீங்களா?’ன்னு கேட்டான். நான் முனைவர் பட்டம் வாங்கினவன். பதில் இல்லை. அரை மணி நேரம் சும்மா விட்டிருந்தா அதுவே ஆறியிருக்கும். ஹெட் கேஸ்கட் போச்சு. நாலாயிரம் ரூபாய்.

எதிரணி நண்பர்களே, வச்சிருக்கும்போது வர்ற துன்பம் இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், மெக்கானிக்குக் கட்டுப்படும்.

இப்ப விற்கிற கதைக்கு வருவோம்.

தமிழ்ப் பேராசிரியன் மேடைக்கு வந்து சிலப்பதிகாரத்தைத் தொடாமப் போனா என் மாணவர்கள் மன்னிக்க மாட்டாங்க. கண்ணகி காலிலே சிலம்பு இருந்தவரைக்கும் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆபத்து வந்தது? ஒண்ணும் இல்லை. கோவலன் விற்கப் போனான். போன இடத்தில் மாட்டினது யார்கிட்ட? ஒரு பொற்கொல்லன்கிட்ட. அவன்தான் தமிழ் இலக்கியத்தில் வந்த முதல் புரோக்கர்! (பலத்த கைதட்டல்) ‘இங்கேயே இரு, நான் பார்த்துக்கிறேன்’னு சொல்லிட்டுப் போனான். கோவலன் கையில அது தன்னுடையதுன்னு காட்ட ஒரு காகிதம் உண்டா? ஆர்.சி. புத்தகம் உண்டா? இல்லை. அப்புறம் கண்ணகி வந்து, சிலம்பை உடைச்சு, அரசி சிலம்பிலே முத்து, என் சிலம்பிலே மாணிக்கம்னு காட்டினா. எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் சரிபார்க்கிறது அதுதான், நடுவர் அவர்களே! (சிரிப்பு, கைதட்டல்) ஆனா அதுக்குள்ள ஆள் போயாச்சு.

எதிரணி நண்பர் ஒருத்தர் அங்கே இருந்து ‘பாரி’ன்னு சைகை காட்டுறார். ஆமாம் ஐயா, பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பெயர் மாற்றம் செய்யாமத்தான் கொடுத்தான். தப்பிச்சான். ஏன்? முல்லைக்கொடி அந்தத் தேரை ஓட்டிக்கிட்டுப் போய் யார் மேலயும் மோதலை! (பலத்த சிரிப்பு)

நான் என் தேரை 2013இல் விற்றேன். பதினஞ்சு வருஷம் முடிஞ்சு, எப்.சி. காட்டி, ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சிருந்தேன். பிள்ளைங்க வளர்ந்து பின் சீட்டுல முட்டி இடிக்குது. சரி, கொடுத்துடுவோம்.

மாப்பிள்ளை பார்க்க வர்ற மாதிரி வந்தாங்க. ஒருத்தர் கதவை விரல் முட்டியால தட்டித் தட்டிப் பார்த்து, ‘இங்க டிங்கரிங் நடந்திருக்கு, புட்டி வச்சிருக்கு’ன்னார். ஒருத்தர் எஞ்சினை ஓட விட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை வருதான்னு மோந்து பார்த்தார். ஒருத்தர் டயரை உதைச்சார். எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. (சிரிப்பு) பதினோரு வருஷம் எங்க அப்பாவைச் சுமந்த வண்டியை ‘டப்பா’ன்னு ஒரு பையன் சொன்னான். என் வீட்டம்மா சமையல்கட்டுக்குள்ள போயிட்டா.

கடைசியா ஒரு புரோக்கர் வந்தார். மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை. 38 ஆயிரம். புது நோட்டா எண்ணி வச்சார். 29, 30ஆம் நம்பர் படிவங்களை நீட்டினார். வாங்குறவர் பேரு எழுதுற இடம் காலியா இருந்தது. ‘இன்னார்னு எழுத வேண்டாமா?’ன்னு கேட்டேன். ‘சார்வாளுக்கு எதுக்குச் சிரமம்? கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்’னார். நானும் போட்டேன். ஆர்.சி.யையும் சாவியையும் கொடுத்துட்டேன். கொடுத்ததுக்கு ஒரு ரசீது கூட வாங்கலை. பரீட்சைத் தாள்ல மாணவன் ஒரு கேள்விக்கு நம்பர் போடலைன்னா மார்க்கைக் குறைக்கிறவன் நான். காலிப் படிவத்துல கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி அப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார். ‘ஏலே, கயித்த அவுத்துட்டுக் குடுத்தியா, கயித்தோட குடுத்துட்டியா?’ன்னு கேட்டார். அவர் மாடு விற்கும்போது பழைய கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டு வந்துடுவார். வாங்கினவர் தன் கயிற்றைப் போட்டுத்தான் ஓட்டிக்கிட்டுப் போகணும். வேற கயிறு விழுந்தாத்தான் மாடு கை மாறிச்சுன்னு அவர் கணக்கு. நான் சிரிச்சேன். ‘அப்பா, காருக்கு ஏது கயிறு?’ன்னேன்.

2016இல் எனக்கு ஒரு தபால் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். எதிர்மனுதாரர், நான். என் வண்டி ஒருத்தர் மேல மோதிருச்சு. என் வண்டியா? நான் விற்று மூணு வருஷம் ஆச்சே! புரோக்கர்கிட்ட ஓடினேன். அவர் ஒருத்தருக்குக் கொடுத்திருக்கார். அவர் சீட்டுப் பணத்துக்காக இன்னொருத்தருக்கு. அங்கிருந்து காய்கறி ஏத்துற ஒரு பையனுக்கு. நாலு கை. ஒருத்தரும் பேரை மாற்றலை. இன்சூரன்ஸ் முடிஞ்சு எட்டு மாசம். ஆர்.சி.யில் நிற்கிற பேரு யாருடையது? முனைவர் பட்டம் பெற்ற என்னுடையது.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் அடிபட்டவரைப் பார்த்தேன். தையல்காரர். வலது கால். அந்தக் காலை வச்சுத்தான் மிஷினை மிதிப்பார். பக்கத்தில் அவர் சம்சாரம். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... ‘நான் இல்லம்மா, நான் விற்றுட்டேன்’னு சொல்ல வாயைத் திறந்தேன். என்ன ஆதாரம் இருக்கு என்கிட்ட? கையில வாங்கின 38 ஆயிரத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

(அரங்கில் அமைதி)

வக்கீல் நண்பர் இழுத்தடிக்கலாம்னார். மேல்முறையீடு போகலாம், அஞ்சு வருஷம் ஓடும்னார். என் வீட்டம்மாதான் கேட்டா: ‘அஞ்சு வருஷம் அந்த மனுஷன் எதை மிதிப்பாரு?’ 2017இல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி முடிச்சோம். ஒரு லட்சத்து அறுபதாயிரம். வளையல் பேங்குக்குப் போச்சு. 38 ஆயிரத்துக்கு விற்ற காருக்கு நான் கட்டின தொகை இது!

முதல்ல எனக்குச் சட்டத்து மேல கோபம். ஓட்டினவன் ஒருத்தன், கட்டுறவன் ஒருத்தனா? பிறகு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி வரிசையாகக் கை மாறின ஒரு வண்டி வழக்கிலே தீர்ப்புச் சொன்னது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று. வக்கீல் நண்பர் அனுப்பி வச்சார். படிச்சேன். அடிபட்டவன் ஒவ்வொரு கையாகத் தேடிக்கிட்டு அலைய முடியுமா என்பதுதான் அதிலே சாரம். காலை ஒடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கிறவர் புரோக்கரைத் தேடி, சீட்டுக்காரரைத் தேடி, காய்கறிக் கடைக்குப் போவாரா? அவர் கண்ணுக்குத் தெரியறது நம்பர் பிளேட்டு. அந்த நம்பருக்கு நேரா என் பேரு. சரிதானே, நடுவர் அவர்களே? எனக்கு எதிரான சட்டம்தான். ஆனா சரியான சட்டம். (கைதட்டல்)

இத்தனைக்கும் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கு. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள் பேரை மாற்றிக் கேட்கணும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்கிற வியாபாரிகளும் அங்கீகாரம் பெற்றிருக்கணும், அவங்க கைக்கு வண்டி போனதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கணும்னு விதி வந்தாச்சு. வங்கிக் கடன் இருந்த வண்டின்னா கடன் அடைஞ்சதும் ஆர்.சி.யிலே அந்தப் பதிவையும் நீக்கணும். அதுக்கு 35ஆம் நம்பர் படிவம். தாய்மார்கள் இதையெல்லாம் குறிச்சு வச்சுக்கணும். ஏன்னா வீட்ல ஐயாமார் குறிக்க மாட்டாங்க. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் எழுந்து, ‘உங்க அஜாக்கிரதைக்குக் கார் என்ன பண்ணும்?’னு கேட்பார். கேட்கட்டும். ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தாததும் என் அஜாக்கிரதைதான். அதுக்கு என் கை வெந்தது, நாலாயிரம் போச்சு, வலி என்னோடு நின்னது. பேரு மாற்றாத அஜாக்கிரதைக்கு வேற ஒருத்தர் கால் நடுவுல வந்திருச்சே! மோதினது நான் இல்லை, எனக்குத் தெரியும். ஆனா ஒழுங்கா ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் கொடுத்திருந்தா, வாங்கினவன் தன் பேருல இன்சூரன்ஸ் போட்டிருப்பான். அந்தத் தையல்காரருக்கு ஒரு வருஷம் முன்னாலயே பணம் கிடைச்சிருக்கும். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குத் தூக்கம் வராது. வச்சிருந்த பதினோரு வருஷத்தில் ஒரு ராத்திரி கூட அந்தக் காரால நான் தூக்கம் கெட்டதில்லை.

(மணி அடிக்கப்படுகிறது)

மணி அடிச்சுட்டாங்க. ஒரே நிமிஷம், நடுவர் அவர்களே.

போன வருஷம் ரெண்டாவது காரையும் விற்றேன். வாங்கினவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். என் வீட்டம்மா அவர்கிட்ட நேராவே சொல்லிட்டா: ‘தம்பி, பேரு மாறாம சாவி கிடையாது.’ படிவத்துல அவர் பேரை என் கையாலயே எழுதினேன். ரெண்டு பேரும் சேர்ந்து அலைஞ்சோம். புது ஆர்.சி. வந்த பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டுச்சு. இப்பவும் காலையில காப்பி குடிக்கும்போது அரசாங்கத்தோட செல்போன் செயலியில அந்த நம்பரைப் போட்டுப் பார்ப்பேன். பேரைப் பாதி நட்சத்திரம் போட்டு மறைச்சுத்தான் காட்டுது. இருந்தாலும் அது என் பேரு இல்லைன்னு தெரியுது. (சிரிப்பு)

வண்டியைக் கொடுத்துட்டு உள்ளே வந்தேன். அப்பாவுக்கு இப்ப 86 வயசு. கண் மங்கிப் போச்சு. ‘என்னலே, கயிறு?’ன்னார். ‘அவுத்துட்டேன்பா’ன்னேன். ‘எங்க, காட்டு’ன்னார். சாவியைக் கொடுக்கும்போது வளையத்தை மட்டும் கழற்றி வச்சிருந்தேன். கோமதி அம்மன் படம் போட்ட பழைய வளையம். அதை அவர் உள்ளங்கையில வச்சேன். தடவிப் பார்த்தார். மடியில சொருகிக்கிட்டார்.

(நீண்ட கைதட்டல்)